இடப்பக்கப் பட்டி

திங்கள் காலை கந்தோரைத் திறந்தால்
கணினிக்குள் யாரோ வீடு மாற்றியிருக்கிறார்கள்.

சனி இரவே நடந்திருக்கிறது.
"உங்கள் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று
நீலப் பெட்டி ஒன்று வந்து நின்றது.
அதை மூடும் குறியைக் கண்டுபிடிப்பதற்குள்
தேத்தண்ணி ஆறிவிட்டது.

இடப்பக்கம் இருந்த கோப்புறைகளைக் காணவில்லை.
மூன்று கோடுகளுக்குள் ஓர் அம்பு,
அம்புக்குள் இன்னோர் அம்பு,
கடைசியில் "மற்றவை" என்று
நான் பெயர் வைக்காத ஓர் அறை.
உள்ளே துறைமுகத்திலிருந்து வந்த ஏழு கடிதங்கள்
விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தன.
யார் சொன்னது அவர்கள் மற்றவர்கள் என்று?

கொழும்புக்கு அழைத்தேன். அசங்க எடுத்தான்.
"பழகும் மிஸ், பழகும்."
அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்,
அதை இரண்டு தரம் சொன்னான்.

சோழகம் ஓய்ந்து வாடை பிடித்தால்
நங்கூரத்தில் நிற்கும் கப்பலெல்லாம்
ஒரே இரவில் முகம் திருப்பிக்கொள்ளும்.
அதற்கு யாரும் மேம்பாடு என்று சொல்வதில்லை.

பதினாறு வருடம் இழுத்து இழுத்து வைத்த வரிசை.
கோதுமைக் கப்பல் மேலே,
மா ஆலைக்காரருக்குப் பொறுமை கிடையாது.
பிறகு கிளிங்கர். சுங்கம். தண்ணீர் பவுசர்.
அடியிலும் அடியில், கண்ணில் படாமல், சண்டை:
கிரேன்கார ஜவாஹிருக்கும் எனக்கும்
இருநூற்றுப் பதினான்கு மடல்.

இப்போது எல்லாம் அகரவரிசை.
அவசரம் முதலில் வந்தது, சரி.
சண்டைக்குப் பக்கத்து வீடு சம்பளம்.
இரண்டும் தோள் உரச நிற்கின்றன.
அகரவரிசைக்கு
எங்கள் முதலாளியைத் தெரிந்திருக்கிறது.

காகிதக் காலமும் ஒழுங்காகத்தான் இருந்ததென்று
யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
வாசலில் இறக்கிவைத்த பெட்டியில் வாய்வைத்து
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
ஒரு மார்ச் மாதம் முழுவதையும் தின்றது.
விளக்கக் கடிதத்தில் மான் என்றே எழுதினேன்.
தலைமைக் கந்தோர் படம் கேட்டது.

பகல் பன்னிரண்டு வரை
அறுபத்துமூன்று கோப்புறையை இழுத்தேன்.
விட்டால் அவை பழைய இடத்துக்கே ஓடின.
அப்போதுதான் கண்டேன்,
உள்பெட்டிக்கும் மேலே, தடித்த எழுத்தில்
வரைவு, ஒன்று.

எட்டு வருடம் முந்திய நவம்பர்.
பெறுநர்: ஹம்தியா.
"ஹம்தியா, அண்டைக்கு நான் உமக்குச் சொல்ல வந்தது"
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி கூட இல்லை.

கரண்ட் போயிருக்கலாம்.
கப்டன் யாராவது கதவைத் தட்டியிருக்கலாம்.
எனக்கே துணிவு போயிருக்கலாம்.
எவ்வளவு தோண்டியும் வாக்கியத்தின் மற்றப் பாதி
அகப்படவில்லை.
நன்றியா, கணக்கா, மன்னிப்பா?

ஹம்தியா அடுத்த மேசையில்தான் இருக்கிறாள்.
தன் திரையில் தன் கோப்புறைகளைத்
துரத்திக்கொண்டு.
கேட்டேன்:
"அந்த நவம்பரில நான் உமக்கு
என்ன சொல்ல வந்தனான்?"

அவள் தலை நிமிரவில்லை.
"பார்சல் காசு நூற்றைம்பது தரோணும் எண்டு."
சிறிது நேரம் கழித்து,
"இல்லாட்டி அந்த மற்ற விசயம்."

எந்த மற்ற விசயம் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சுட்டியை விடவில்லை.
உட்துறைமுகத்தில் இழுவைப் படகொன்று
நீளமாக ஊதிவிட்டு ஓய்ந்தது.

நூற்றைம்பது ரூபாயை அவள் மேசையில் வைத்தேன்.
அவள் அதை எண்ணிப் பார்த்து
பென்சில் பெட்டிக்குள் போட்டாள்.

நாலரைக்குக் கிண்ணியா பஸ்.
அவள் போன பிறகு வரைவைத் திறந்தேன்,
மூடினேன். அழிக்கவில்லை, அனுப்பவுமில்லை.
புதிய கோப்புறை ஒன்று கேட்டேன்.
பெயர் என்ன என்றது.
கர்சர் சிமிட்டிக்கொண்டே நின்றது.

அதற்குள் ஒரு மடல்:
பைலட் ஏறும் நேரம் ஐந்து நாற்பதுக்கு மாற்றம்.
அது தானாகவே போய்
"மற்றவை"யில் விழுந்தது.
நான் எழுந்து ஓடினேன்.