பன்னிரண்டாம் கிழமை

பல்லெல்லாம் அப்படியே இருக்கு என்றேன்.
லோசினி குந்தியிருந்து
டயரின் கன்னத்தைப் பெருவிரலால் அமத்தினாள்.
மயிர் மயிராய் வெடிப்புகள் வாய் திறந்தன,
உன்னிச்சைக் குளத்து அடிமண்
ஆவணியில் திறப்பது போல.

இரண்டு வருசம் நாவற்குடா மணலில்
ஒரே இடத்தில் நின்ற வண்டி.
ஓடித் தேயவில்லை.
நின்று முடிந்திருக்கிறது.

ஏலத்தில் எடுத்தது.
ஒரு தொண்டு நிறுவனம் ஊரை விட்டுப் போகையில்
கதிரை, மேசை, ஜெனரேட்டரோடு விட்டுப்போன
நடமாடும் மருந்தகம்.
மூன்று முறை பச்சை அடித்தும்
வெயில் சாயும் நேரம்
இரண்டு கையும் ஒரு இலையுமாய் அவர்களின் சின்னம்
உள்ளிருந்து எழும்பி வரும்.
ஊசி போட்ட கட்டிலில் மெத்தை போட்டோம்.
அறுகம்பைக்கு இழுத்துப் போய்
அலைக்கு வரும் வெள்ளைக்காரருக்கு
இரவுக்கு இவ்வளவென்று விடலாம்:
கணக்கு என்னுடையது.
கடன் அவளுடைய பெயரில்.

காத்தான்குடியில் பௌமியின் கடை.
நான் அளவு சொன்னேன்.
"அளவை விடுங்க தம்பி, பாரம் எத்தின?"
எனக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரிந்திருந்தது.
முதல் நாளே, என்னிடம் மூச்சும் விடாமல்,
தமையனின் பட்டா லொறியில் கொழுவி
ஆமை வேகத்தில் நெல்லு மில்லுக்குப் போய்
உழவு மிசின் இரண்டுக்கு நடுவில்
வரிசையில் நின்று
தராசில் ஏற்றியிருக்கிறாள்.
தண்ணித் தாங்கி நிரம்ப, காஸ் சிலிண்டரோடு,
கோப்பை கரண்டியோடு
ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
துண்டில் மில்காரன் பழக்க தோசத்தில்
"நெல்" என்றே எழுதியிருந்தான்.

கார் டயர் ஒன்று
நானூற்று எழுபத்தைந்து தாங்குமாம்.
இரண்டும் தொளாயிரத்து ஐம்பது.
மிச்சத்தை ஆர் தாங்குறது?
கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

பௌமி உள்ளே போய் ஒரு சோடி உருட்டி வந்தார்.
வான் டயர். எட்டுப் பிளை.
ரப்பர் ரோமம்கூட உதிரவில்லை.
பாதி விலை.
நான் பர்சை எடுத்தேன்.
அவள் டோர்ச்சை எடுத்தாள்.
கன்னத்தின் ஓரம், முட்டை வடிவுக்குள் நாலு இலக்கம்:
ஒன்று இரண்டு இரண்டு பூச்சியம்.
பன்னிரண்டாம் கிழமை, இருபதாம் ஆண்டு.
"ஊரடங்கு போட்ட கிழமை" என்றாள்.
பருப்புக்கு வேலிக்கு மேலால்
நாங்கள் கை நீட்டிய கிழமை
எங்கோ ஒரு நாட்டில் இது
அச்சுக்குள் வெந்திருக்கிறது.
யாரும் பூட்டாமலே
எங்களைப் போல இதற்கும் வயது போயிருக்கிறது.

"தங்கச்சி ரேகை பாக்கிறா" என்று சிரித்தார் பௌமி.
ஆனாலும் திரும்ப உருட்டிப் போகையில்
அவர் முதுகு கொஞ்சம் வெட்கப்பட்டது.

மூன்றாவது சோடி போன ஐப்பசியில் பிறந்தது.
முழு விலை.
சோலருக்கு ஒதுக்கிய காசு அதில் போனது.
இதற்கு எஞ்சின் இல்லை, சுக்கான் இல்லை,
எங்கே போகிறோம் என்று கேட்க வாய் இல்லை.
முன்னுக்குப் போகிறவன் விழுந்த கிடங்கில்
தானும் விழுந்து எழும்ப வேணும்.
"பின்னால வாறதுக்குத்தான்
கன்னம் கெட்டியா இருக்கோணும்" என்றார்.
லோசினி சிரிக்கவில்லை.
நானும்.

பழையதை ஒருவர் கேட்டார், மாட்டு வண்டிலுக்கு.
"வெட்டிப்போட்டுக் குடுங்க,
பூக்கண்டு வைக்கட்டும்.
ஆரும் பூட்டப்படா" என்றாள்.
பௌமியின் பொடியன் வாள் தேடிப் போனான்.
அந்த அரை மணித்தியாலமும்
வண்டி ஜாக்கியில்
கால் தூக்கிக்கொண்டு நின்றது.

பின்னேரம் வெளிக்கிட்டோம்.
கண்ணாடியில் பச்சை வீடு,
ஆடாமல், அலையாமல்.
களுவாஞ்சிகுடியில் நிறுத்தச் சொன்னாள்.
இறங்கி இடப்பக்கம் கை வைத்தாள்.
சுற்றிப் போய் வலப்பக்கம் வைத்தாள்.
"இஞ்சால சூடு கூட."
வெயில் அந்தப் பக்கம்தானே என்றேன்.
"இருக்கும்" என்றாள்.
"மறுகா எதுக்கும் காத்து அளப்பம்."