வெண்கருத் தாள்

சனிக்கிழமை. எல்பே ஆற்றங்கரைச் சந்தை.
பீட்ஷின் மேசையில் பீங்கான் வாத்துக்கும்
ராணுவக் குடுவைக்கும் நடுவே
ஒரு செருப்புப் பெட்டி நிறைய வட ஆப்பிரிக்கா.
அல்ஜியர்ஸ் துறைமுகம், தான்ஜியர்,
வெயிலில் ஏதோ ஒரு மதில்.
எட்டு வருடமாய் வாங்குகிறேன்,
ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை.

ஆள் கலங்கிய படம் பாதி விலை.
அதனால் கலங்கியவற்றையே பொறுக்குவேன்.

அந்தக் காலத்துக் கேமரா பொறுமைசாலி.
பத்து எண்ணும்வரை கண் மூடாது;
நின்றதை வைத்துக்கொள்ளும்,
நடந்ததை விட்டுவிடும்.
கழுதைக்கு இரண்டு தலை.
சந்தை கூடிய தெருவின் கீழே
‘ஆளரவமற்ற வீதி’ என்று
மையால் எழுதியிருக்கிறான் எவனோ.

தாள் இந்த ஊர்த் தாளாக இருக்கலாம்.
இங்கே டிரெஸ்டனில்தான் பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து
முட்டை உடைத்தார்கள், நாளுக்கு ஆயிரக்கணக்கில்.
வெள்ளை தாளுக்கு. மஞ்சள் யாருக்கோ.
நான் வேலை செய்யும் சிப் தொழிற்சாலையிலும்
அச்சேற்றும் அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம்தான்.
ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால்
கொஞ்ச நேரம் பனி நீலமாய்த் தெரியும்.

நாலு வருடமாய் என் நடையில் தொங்குவது துனிஸ்.
ஒரு சந்து, ஒரு வளைவு,
சுவரில் பூவேலை செய்த கல்.
கல்லுக்குக் கீழே இரண்டு பாதங்கள்.
பாதங்கள் மட்டும்.
மேலே புகை.

என்னோடு இரவு ஷிஃப்டில் இருக்கும் சிஹெம்
மீன்குழம்பு சாப்பிட வந்தவள்,
கை துடைத்தபடி நின்றாள்.
“எங்கள் ஊர். இது பூவேலை இல்லை, எழுத்து.
ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.”

கண்ணாடித் தட்டைப் புரட்டி வைத்து அச்சிட்டவன்
ஒரு நகரத்தையே இடக்கைப் பழக்கமாக்கிவிட்டான்.
மயிரிழை விலகினால்
மொத்த வேஃபரையும் கழித்துக் கட்டுகிறவள் நான்.
நாலு வருடம்.

ஆணியிலிருந்து கழற்றி
குளியலறைக் கண்ணாடிமுன் பிடித்தேன்.
அவள் வலமிருந்து எழுத்துக்கூட்டினாள்:
“தாகத்தோடு வருகிறவரே, குடியும்.
இதைக் கட்டியவர்...”
பெயர் இருந்த மூலை உடைந்திருந்தது.

‘தண்ணீர்ப்பந்தல்!’ என்றேன், தமிழில்.
ஜெர்மனில் அதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே
பாதங்கள் புரிந்துவிட்டன.
குனிந்து, நிமிர்ந்து, வாய் துடைத்து,
மறுபடி குனிந்து
யாரோ குடித்திருக்கிறார்,
பத்து எண்ணும்வரை.

கண்ணாடிக்குள் ஊர் நேரானது.
நாங்கள்தான் இடம் வலம் மாறி நின்றோம்,
ஒரு பல் பிரஷுக்கும் நெளிந்த பற்பசைக்கும் மேலே.

அடுத்த சனிக்கிழமை பீட்ஷிடம் சொன்னேன்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
“பிழைப் படமா? தெரிந்திருந்தால்
ஐந்து யூரோ கூடக் கேட்டிருப்பேன்.”

அவரிடமே மூன்று யூரோவுக்கு,
ஓரத்தில் ரசம் போன ஒரு கண்ணாடி வாங்கி
படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன்.
சிஹெம் இப்போது வந்தால்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஊருக்கு முதுகு காட்டி நின்று
ஊரைப் பார்க்கிறாள்.