பாதித் தலை

செவ்வாய்க்கிழமை அடையாள அட்டைக்குப் படம்.
பத்து வருடம் கூடவே வரப்போகிற முகம்.
முடியை என்ன செய்வது என்று
ஞாயிறு முழுக்க யோசித்தேன்.

ஷாமிளாவின் சலூனில் கெரட்டின்
ஆயிரத்து நானூறு ராண்ட்.
ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பூசுவாள்,
கண் எரியும்.
மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது,
காதுக்குப் பின்னால் ஒரு இழை செருகினால்
அந்த மடிப்பு அப்படியே நின்றுவிடும்.
டர்பனில், பிப்ரவரியில்,
மூன்று நாள் வியர்க்காமல்
பிணம்தான் கிடக்கும்.

பெட்டியில் வருகிற ரிலாக்சர் மலிவு.
நெற்றியோரம் வாசலின், கையில் உறை, இருபது நிமிடம்.
நாத்தனார் கோகி அப்படித்தான் ஆரம்பித்தாள்.
நடுவில் போன் வந்தது.
முப்பத்தைந்து நிமிடம் கழித்து
அலசிய தொட்டியில் என்ன கிடந்தது என்பதை
இன்றுவரை அவள் சொல்லி முடிக்கவில்லை.
பாதியிலேயே சிரித்துவிடுகிறாள்.
அல்லது எழுந்து போய்விடுகிறாள்.

நான் இழுப்பறையில் இருந்த அயர்னை எடுத்தேன்.
இருநூற்றிருபது டிகிரி.
ஆறு மணிக்குத்தான் மின்வெட்டு என்றது போன்.
விடிகாலை நாலரைக்கு உட்கார்ந்து
இடப்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
ஒவ்வொரு பிரிவாக, கிளிப் போட்டு,
பொரியும் சத்தம், கோழி இறகு தீய்ந்த வாசனை,
தகட்டிலிருந்து விடுபட்ட முடி
யாருடையதோ போல என் தோளில் விழுந்தது.

ஐந்து இருபதுக்கே கரண்ட் போனது.

போன் வெளிச்சத்தில் கண்ணாடி:
இடது பக்கம் ஷாம்பூ விளம்பரம்,
வலது பக்கம்
பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்ட பெயர்,
பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்.
தேவன் கட்டிலில் புரண்டு பார்த்தான்.
"எந்தப் பக்கம் நிஜம்?" என்றான்.
சீப்பை எறிந்தேன்.
மயிரிழையில் தப்பினான்.

ஏழு மணிக்கே வரிசை கட்டிடத்தைச் சுற்றி வளைந்திருந்தது.
எட்டரைக்குக் கதவு திறந்தது.
எட்டே முக்காலுக்கு
சிஸ்டம் விழுந்துவிட்டது என்றார்கள்.
கடலிலிருந்து அந்த ஈரக் காற்று,
மழையும் இல்லை, மழை இல்லாமலும் இல்லை.
பத்து மணிக்குள் இடப்பக்கமும்
ஒவ்வொன்றாக எழுந்திருக்க ஆரம்பித்தது,
தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட
பிள்ளைகளைப் போல, கோபமாக.

முன்னால் நின்றவள் வென்ட்வர்த்தைச் சேர்ந்தவள்,
டெசிரே, என் வயதுதான்.
இரவில் ஸ்டாக்கிங்கைத் தலையில் இறுக்கிச் சுற்றிப் படுத்தால்
காசும் வேண்டாம் கரண்டும் வேண்டாம் என்றாள்.
அப்புறம் தன் கொண்டையிலிருந்து
ஒரு பென்சிலை உருவி நீட்டினாள்.
அவள் முடி சரிந்து முதுகில் விழுந்தது.

நெளிந்ததையும் நேரானதையும் சேர்த்து முறுக்கி
அந்தப் பென்சிலைச் செருகினேன்.
நின்றது.

"எங்கள் அம்மா தலையிலும் நின்றது,"
படிவத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.
"பெரியம்மா தலையில் நழுவி விழுந்தது.
ஆபீசர் எழுதிக்கொண்டார்.
பெரியம்மா வேறு பேட்டைக்குப் போனாள், வேறு பஸ்ஸில்.
கடைத்தெருவில் பார்த்தால்
பேசுவதில்லை."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
ஸ்டாக்கிங் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன்.
சொன்னாள்.

பன்னிரண்டே காலுக்கு என் எண்.
கவுண்டர்ப் பையன் திரையிலிருந்து கண் எடுக்காமல்
"தலையில் ஒன்றும் இருக்கக்கூடாது, மேடம்.
சிரிக்கக்கூடாது."

உருவினேன்.
இரண்டு பக்கமும் அதனதன் இஷ்டத்துக்கு விழுந்தன,
விழ மனமில்லாதவை நின்றன.
பளிச்சென்றது.

மார்பு வரைக்கும்தான் படம்.
மடியில் மூடிய கை அதில் தெரியாது.
பென்சிலைத் திருப்பிக் கொடுக்க
வெளியே ஓடினேன்.
டெசிரே போயிருந்தாள்.