விழுப்புரத்துக்கு மேலே அறுபத்தெட்டுப் பேர்

பணகுடியில் ஆனி மாசக் காற்று
கதவைத் தட்டுவதில்லை.
ஜன்னல் இடுக்கில் பழைய சாரத்தைத் திணித்துவிட்டு
லாகின் செய்கிறேன்.
பைலட் எண் நானூற்றுப் பதினேழு.
பெயர் மா. இசக்கிதுரை.
இருப்பிடம் வாகைக்குளம்.

இருப்பிடம் என்கிற அந்தக் கட்டத்தை
நானாக மாற்ற முடியாது.
கடைசியாக எங்கே இறங்கினேனோ
அங்கேதான் இருப்பேன், போர்ட்டலின் சட்டம் அது.
வைகாசி முச்சூடும் ஹூப்ளியில் கிடந்தேன்.
தங்கச்சி கல்யாணத்தில்
சாம்பார் வாளியோடு பந்திக்கு நடுவே நின்றவனை
ஹூப்ளி, ஹூப்ளி என்றே
சொல்லிக்கொண்டிருந்தது அது.

பகலில் எனக்கு வேறு உயரம்.
எண்பது மீட்டர். உள்ளே இரும்பு ஏணி,
இடுப்பில் கொக்கி, பையில் கிரீஸ்.
காத்தாடியின் உச்சி மூடியைத் திறந்து தலையை நீட்டினால்
மகேந்திரகிரியின் முதுகைத் தாண்டி
திருவனந்தபுரத்துக்கு இறங்கும் விமானம் சாயும்.
ஒன்றிலும் ஏறியதில்லை.
ஏறினால் பயமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்,
ஓட்டுகிறவன் யாரென்று தெரியாதே.

இரவு ஒன்பது நாற்பது.
சென்னைக்கு ஒரு ஏடிஆர் புக் செய்தேன்.
ஆட்களைப் போர்ட்டலே பிடித்துத் தரும்:
பயணிகள் அறுபத்தெட்டு,
சாமான் நானூற்றுத் தொண்ணூறு கிலோ.
எண்தான் தரும், முகம் தராது.
நாலாவது வரிசையில் ஒரு கைப்பிள்ளைக்காரியை
நானாக உட்கார வைத்திருக்கிறேன்.
எட்டாவதில், மஸ்கோத் அல்வா டப்பாவை
மடியை விட்டு இறக்காத ஒருத்தர்.
அதனால் திரும்பும்போது மெதுவாகத் திரும்புவேன்.

மேற்கே இருந்து பதினெட்டு நாட் காற்று.
எங்களுக்குத் தெரியாத காற்றா.
ஓடுபாதை இருபத்தெட்டில்
மூக்கை அதன் முகத்துக்கே காட்டி எழும்பினேன்.

திருச்சி தாண்டி, விழுப்புரம் வரும் நேரம்
கரண்ட் போனது.

ஊரைச் சுற்றி அத்தனை காத்தாடியும்
சுற்றுகிற சத்தம் கேட்கிறது.
என் வீட்டில் இருட்டு.
யூபிஎஸ் ஆறு நிமிஷம் கீச்சிட்டுவிட்டு
அதுவும் கண்ணை மூடிக்கொண்டது.

செல்போனில் வரைபடத்தைத் திறந்தேன்.
என் சின்ன விமானம்
விழுப்புரத்துக்கு மேலே, பதினேழாயிரம் அடியில்,
வேகம் இருநூற்று அறுபது என்று எழுதிக்கொண்டு
நகராமல் நின்றது.

"யாருக்குல இந்நேரத்துல மெசேஜு?" என்றார் அப்பா.
"ஆபீசு" என்றேன்.
பிள்ளை அழுதிருக்கும்.
அல்வாக்காரர் வாட்சைப் பார்த்திருப்பார்.

காலையில் சிவப்பு எழுத்து:
பயணம் முற்றுப்பெறவில்லை. காரணம்?
காற்று நிறைய இருந்தது, கரண்ட் இல்லை
என்று எழுதி அனுப்பினேன்.

ரிப்போர்ட் பார்க்கிறவர்
மேலப்பாளையத்துச் செய்யது மசூது.
ஒரு நாகர்கோவில் பஸ் தூரம்தான், பார்த்ததில்லை.
ஒருதரம் என் தரையிறக்கத்தைப் படித்துவிட்டு
"எலும்பு டாக்டர் நம்பர் வேணுமா?" என்று எழுதியவர்.
நிராகரிக்கப்பட்டது என்று போட்டிருந்தார்.
கீழே, சொந்தமாக ஒரு வரி:
"எங்க தெருவுலயும் போச்சு. மணி கணக்குல சேராது.
அதுக்காவ ஆளுகள அப்படியே விட்டுராதிய."

அன்றைக்கு மூன்றாம் நம்பர் காத்தாடியில்
பிரேக் கட்டை மாற்றும்போதும்
அந்த வரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி, புக்கிங் இல்லாமல், லாகின் இல்லாமல்,
விழுப்புரத்துக்கு மேலே அதே அடியில்
விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.
அங்கிருந்து இறங்க ஆரம்பித்தேன்.
மீனம்பாக்கத்தில் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி.
அவ்வளவு மெதுவாக நான் எங்கேயும் தரை தொட்டதில்லை.
எந்தக் கணக்கிலும் அது இல்லை.
போர்ட்டலைக் கேட்டால்
நான் இன்னும் வாகைக்குளத்தில் இருக்கிறேன்.

இன்ஜினை அணைத்தேன்.
கதவைத் திறந்துவிட்டு
அறுபத்தெட்டும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
அல்வாக்காரர்தான் கடைசி.