நான்காம் குளம்

இந்த மிக்சியில் இனி தேங்காய் அரைக்காதீங்க என்றான் பெவின்.
மிக்சி என்னுடையது. நான் கேட்கவில்லை.

கீழாநெல்லி, வேரோடு, சுக்காய்க் காய்ந்து நாலு கிலோ.
பழையகாயல் உப்புமண்ணில் அது தலைகாட்டாது.
ஏரல் பக்கம் வாழைக்கு இடையில் பிடுங்கி உலர்த்தி
பஸ்ஸில் ஏற்றிவிட்டாள் சொர்ணக்கனி.
கண்டக்டர் கேட்டானாம்:
"யாருக்குக்கா மஞ்சக்காமாலை?"
"மூணு லட்சம் பேருக்கு."

முட்டையின் வெள்ளையில் பொடியைக் குழைத்து
தீவனத்தோடு பிசறி
நிழலில், சாக்கின் மேல்.
அந்த வாரம்தான்
பக்கத்துப் பண்ணையில் வெண்புள்ளி.
ராவோடு ராவாக ப்ளீச்சிங் பவுடர் கொட்டினார்கள்.
விடிந்ததும் ஒரு காக்கை
எங்கள் வரப்பில் ஒரு தலையைப் போட்டுவிட்டுப் பறந்தது.

தீவனக் கடைக்காரர் வந்தார்.
சட்டைக்குள் பாட்டில், பாட்டிலில் லேபிள் இல்லை.
"ரெண்டு மூடி ஊத்துங்க, கண்ணை மூடிட்டு."
கண்ணை மூடிக்கொண்டு செய்கிற தொழிலா இது?
கப்பல் ஏறின சரக்கு
இதனால் திரும்பி வந்த கதையை
அவரே போன வருஷம் சொன்னவர்.

ராத்திரி பதினொன்றுக்குத் தட்டைத் தூக்கினேன்.
ஒரு குறுணை மிச்சமில்லை.
ஒன்றைப் பிடித்து டார்ச்சில் காட்டினேன்.
கண்ணாடி உடம்பு,
முதுகோடு ஒரு பச்சை நூல்.
கொடுத்த மருந்து உள்ளே நடந்து போவதை
அன்றுதான் பார்த்தேன்.
என் வீட்டுக்காரருக்கு மோரில் கலக்கிக் கொடுத்த
நாற்பது நாளும்
அவர் கண்ணின் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கண்ணுக்குள் எதுவும் தெரியவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் நாள் வலை இழுத்தோம்.
மூன்றாம் குளம், நாற்பத்திரண்டு கவுண்ட்.
நான்காம் குளம், நாற்பத்திமூன்று.
நான்காவதற்கு வெறும் தீவனம்தான்,
ஒப்பிட்டுப் பார்க்க என்று பெவின் ஒதுக்கி வைத்தது.
அதுவும் சாகவில்லை.

"பொறவு என்னத்துக்கு இந்தக் கஷாயம்?"
முதலாளி கோயில்பிள்ளை சிரித்தார்.
பெவின் பேனாவால் காதைக் குடைந்தான்.
நோட்டில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது.
வியாபாரி
இரண்டுக்கும் ஒரே விலை போட்டான்.

எனக்கும் பதில் தெரியாது.
ஏரேட்டர் நின்ற ராத்திரியின் அமைதியில்
காது இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது.
துவையல் கசக்குது என்று
தட்டைத் தள்ளுகிறான் மகன்.

சொர்ணக்கனிக்குப் போன் போட்டுவிட்டேன்.
தைக்கு இன்னும் நாலு கிலோ.
இந்தத் தடவை நான்காம் குளத்துக்கு.
மூன்றாவது சும்மா கிடக்கட்டும்,
பார்ப்போம்.