பெட்டி ஏழு

ரப்பர் ஷீட் கட்டும் சாக்கில்தான் வந்தன
பேராசிரியர் ஏசுவடியானின் காகிதங்கள்,
மார்த்தாண்டத்திலிருந்து, கல்லூரி ஜீப்பில்.
ஆசிட் வாசம் இன்னும் போகவில்லை.
எனக்கு நாளொன்றுக்கு நானூற்றைம்பது,
தூசி தட்ட, எண் போட, பட்டியல் எழுத.

எழுதினேன்:
நாடக மன்ற வருகைப் பதிவேடு, நான்கு.
வாடகை விக் ரசீது, ஒரு கட்டு.
தக்கலை போலீஸ் ஸ்டேஷன் அனுமதிக் கடிதம்:
ஒன்பதரைக்குள் முடிக்க வேண்டும்,
மதம் பேசக் கூடாது.
ஓரத்தில் அவர் பென்சிலில்:
பத்தே காலுக்கு முடிந்தது.
மனைவிக்கு எழுதி அனுப்பாத கடிதம் ஒன்று.
முதல் வரியிலேயே மடித்து வைத்தேன்.
பட்டியலில் 'சொந்தக் கடிதம், ஒரு பக்கம்.'
ஒரு பக்கம் அல்ல. மூன்று.

ஏழாம் பெட்டியில் 'உப்பளத்துச் சாட்சி',
எழுபத்தொன்பதாம் வருடம்.
முழுப் பிரதி இல்லை.
ஒவ்வொரு பையனுக்கும் அவனவன் வசனம் மட்டும்
கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.
முன்னால் பேசுகிறவரின் கடைசிச் சொற்கள்
சிவப்பு மையில்;
அவை காதில் விழுந்தால் வாய் திறக்க வேண்டும்.
அளத்து முதலாளி இருக்கிறார். கணக்கப்பிள்ளை இருக்கிறார்.
தாசில்தார், இரண்டு போலீஸ், டீ கொண்டுவரும் பையன்கூட.
அன்னத்தாய் இல்லை.
அவள்தான் சாட்சி.

நூலகம் பூட்டும்வரை தரையில் பரப்பி
மற்றவர்களின் சிவப்பிலிருந்து அவளைப் பொறுக்கினேன்.
…தண்ணி எங்க போச்சு?
…உப்பு இல்ல அது.
…நான் திரும்பிப் பாக்கல்ல.
…பேரு சொல்ல மாட்டேன்.
பேச்சின் வால் மட்டும்.
அதற்குத் தாசில்தார் அரைப் பக்கம் கத்துகிறார்.
என்ன கேட்டால் ஒரு தாசில்தார்
அரைப் பக்கம் கத்துவார்?
கணக்கப்பிள்ளையின் தாளில் ஓர் இடத்தில்
வசனமே இல்லை.
'அழு. சத்தம் வேண்டாம்' என்று மட்டும்.

நிகழ்ச்சி நிரலில் பெயர் கிடைத்தது:
அன்னத்தாயாக, வில்சிலாஸ்,
இரண்டாம் ஆண்டு வேதியியல்.
கருங்கலில் டயர் கடை.

"வசனமா? ஒண்ணும் ஓர்மை இல்ல பிள்ளே.
சாரி எனக்க சித்திக்கதாக்கும்,
அது ஓர்மை இருக்கு.
பின்னு குத்தி முதுகெல்லாம் ரத்தம்."
சிரித்தார். பஞ்சர் ஒட்ட வந்தவனை
நிற்கச் சொன்னார். பிறகு
என்ன நினைத்தாரோ, எழுந்துவந்து
டயர் அடுக்குக்கு நடுவில் இடம் பார்த்தார்.
"அந்தா, தாசில்தார். இந்தப் பக்கம் போலீசு.
நான் இங்க."
இடது கால் கொஞ்சம் முன்னால்.
வலது கை முதுகுக்குப் பின்னால், மூடி.
"இந்தக் கைய கடைசி வர
காட்டப்பிடாதுன்னு சாரு சொல்லியிருக்காரு."

நான் தாசில்தாரை வாசித்தேன்.
வெட்கமாக இருந்தது, சத்தமாகத்தான் வாசித்தேன்.
ஒவ்வொரு முறையும்
வாய் திறந்தார், ஒன்றும் வரவில்லை.
ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினார்.
போலீஸ் நெருங்கும் வரியில்
தோள் தானாகச் சுருங்கியது.
லாரி ஒன்று போனது. காத்திருந்தோம்.
கடைசித் தாள்:
"கைய நீட்டு. ரேகை வை."

நீட்டினார்.
டயர்க் கரி அப்பிய உள்ளங்கை.
ஒரு ரேகையும் இல்லை.

பஞ்சர்க்காரன் கேட்டான்,
"அண்ணா, எவ்வளவு நேரமாவும்?"

நூலகர் கேட்கிறார்,
அன்னத்தாய் பாகம், பக்கங்கள் எத்தனை?
சுழியம் என்று போட எனக்கு மனம் வரவில்லை.
'இடது கால் முன்னால்' என்று எழுதினேன்.
அந்தக் கட்டம் எண்ணுக்கு மட்டும்தானாம்.
வெள்ளை பூசி அழித்துக் கொடுத்தார்.

மூன்று பக்கக் கடிதம்
இன்னும் ஒரு பக்கமாகவே இருக்கிறது பட்டியலில்.
அதை நான் திருத்தப்போவதில்லை.