வலப்புறம், ஒன்பதாவது பலகை

ஏவன் நதிமுகத்துச் சேற்றில்
நாற்பது வருடம் யாராரோ அதில் குடியிருந்தார்கள்.
பாய்மரம் நின்ற ஓட்டையில்
குளியலறைக் குழாய்.
வாங்கியவர் ரோவீனா ட்ரக்கட், பல் மருத்துவர்.
நான் மணிக்கூலித் தச்சி.

இந்தக் கடலில் ஓதம் நாற்பது அடி ஏறும்,
அதே நாற்பது அடி இறங்கும்.
அந்நியக் கப்பலுக்கு மணல்திட்டு தெரியாது.
முதலில் போய்த் தொட்ட வழிகாட்டிக்கே கூலி;
அடுத்து வந்தவனுக்கு
வீடு திரும்பும் காற்று மட்டும்.
அதனால்தான் இந்த உடம்பு:
கத்தி அணியம், ஆழ்ந்த அடி,
ஓர் ஆளும் ஒரு பையனும்
இருட்டில் இறக்கக்கூடிய பாய்.

குடும்பத்தில் சொல்வது இது:
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு, நவம்பர்.
போட்டிக்காரன் சைலஸ் பெரட்டைத் தேடி
ஓபதியா ட்ரக்கட் புயலுக்குள் போனார்.
கிடைக்கவில்லை.
தேவாலயச் சுவரில், பித்தளையில், அவர் பெயர்.

எல்லாப் பலகையும் பைன்.
ஒன்பதாவது மட்டும் எல்ம்.
செம்பாணி இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு,
இடைவெளி கன்னாபின்னா.
ராத்திரியில் அடித்த ஆணி
எனக்குப் பார்த்ததும் தெரியும்.
பெயர்த்தேன்.
பின்னால் விலா முறிந்திருந்தது,
வெளியிலிருந்து உள்ளே.
முறிவின் வாயில் ஒரு சிம்பு,
விரல் நீளம், பச்சை வண்ணம்.

மதுக்கடைப் படத்தில்
பெரட்டின் படகு பச்சை.

ரோவீனாவைக் கூப்பிட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பல்லைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.
சிம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"எடுத்துவிடுங்கள்" என்றார்.
பலகையையா, பெயரையா, கேட்கவில்லை.

புதுப் பலகை ஆவியில் வேகவேண்டும்,
அங்குலத்துக்கு ஒரு மணி நேரம்.
கொதிகலனுக்கடியில் அந்த எல்மையே வைத்தேன்.
கீல் ஊறிய கட்டை, நன்றாக எரிந்தது.
சாம்பலில் ஆணிகள் பதினாறு.
எண்ணுவதற்கு யாரும் சொல்லவில்லை.
வெந்த பலகையை மூன்று பேர் கையுறையோடு தூக்கி ஓடினோம்;
ஒரு முனகல்,
அப்புறம் வளைந்து உட்கார்ந்தது.

ஏப்ரலில் வண்ணம் கேட்டேன்.
"கறுப்புதான், எப்போதும் கறுப்பு."
கதவு வரை போனவர் திரும்பினார்.
"நீர்க்கோட்டுக்குக் கீழே பச்சை."

இறக்கும் நாளில் கேக், வாத்தியம்,
பித்தளையைத் துடைத்துவிட்டு வந்த பாதிரியார்.
கறுப்புப் படகு கைதட்டலுக்குள் போனது.

ஓதம் முழுக்க வடிந்த பிறகு,
கூட்டம் போன பிறகு,
சேற்றில் ஒருக்களித்துப் படுக்கும்.
அப்போது தெரியும்.